பி350 போர்டைத் தூக்கிப் போடணுமா? (ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வால்)

பி350காரன் | 09-03-2025, இரவு 8.15

2018-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணின மெஷின். ரைசன் 5 1600 பிராசஸர், பி350 போர்டு (ஏஎம்4 சாக்கெட்), டிடிஆர்4 2400-ல ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட்டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை. விண்டோஸ் 11 ஏறாதுங்குது. கடையில கேட்டா, "செத்த போர்டு சார், மொத்தமா தூக்கிட்டு ஏஎம்5-க்கு, புது சாக்கெட்டுக்குப் போயிடுங்க"ங்கறார். மொத்தமா போட காசு இல்லை. ஒண்ணொண்ணா மாத்தினா எங்க ஆரம்பிக்கணும்? வேலை: டேலி, குரோம்ல முப்பது டேப், சாயங்காலம் பையனுக்கு கேம்.

ஸ்க்ரூடிரைவர் | 09-03-2025, இரவு 9.50

போர்டு சாகலை. கடைக்காரர் சொல்றது 2020 செய்தி. அந்த வருஷம் 5000 வரிசை ரைசன் பி450-லயே ஓடாதுன்னு ஏஎம்டி முதல்ல சொன்னாங்க. ஜனங்க கத்தின பிறகு 400 வரிசைக்கு மட்டும் இறங்கி வந்தாங்க, உங்க பி350 இருக்கிற 300 வரிசை வெளியில நின்னுச்சு. 2022-ல அதுக்கும் கதவு திறந்தாச்சு. 2017-ல வந்த போர்டுல 2022 பிராசஸர் உட்காரும்.

ஏஎம்5 மோசம்னு சொல்லலை. ஆனா அங்க பிராசஸர் மட்டும் வாங்கிட்டு வர முடியாது. போர்டு வேணும், அந்த போர்டுக்கு டிடிஆர்5 வேணும், உங்ககிட்ட இருக்கிற டிடிஆர்4 அதுல நுழையவே நுழையாது. அனுமார் வால். எந்தப் பாகத்தை வாங்கினாலும் பின்னாடி ஒரு வால் வரும். விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி வாலை அளந்துடணும்.

மூணு தகவல் வேணும். போர்டு மாடல், ரிவிஷன் நம்பரோட (போர்டு மேலேயே, ஸ்லாட்டுகளுக்கு நடுவுல அல்லது ஓரத்துல அச்சடிச்சிருக்கும்). பவர் சப்ளை லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர். கேபினெட்ல கிராபிக்ஸ் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம்.

ஸ்க்ரூடிரைவர் | 09-03-2025, இரவு 10.05

ஒண்ணு விட்டுட்டேன். நாளைக்கு வேலை பார்க்கிறப்ப டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேபைத் திறந்து வையுங்க. மெஷின் தடுமாறுற நேரத்துல டிஸ்க் 100-ல நிக்குதா, மெமரி 90-ஐத் தாண்டுதா, சிபியு நிறையுதான்னு எழுதி வையுங்க. எல்லாரும் முதல்ல கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் ஓடுவாங்க. பாதிப் பேருக்கு வியாதி ஹார்ட்டிஸ்க்ல இருக்கும்.

பி350காரன் | 10-03-2025, மாலை 7.30

டிஸ்க் எப்பவும் 100. மெமரி 88லேர்ந்து 94. சிபியு 30-ஐத் தாண்டலை. லேபிள்ல 450 வாட்னு பெருசா போட்டிருக்கு, 12 வோல்ட்டுக்கு 17 ஆம்பியர். கேபினெட்ல 300 மிமீ.

ஸ்க்ரூடிரைவர் | 10-03-2025, இரவு 9.10

17 ஆம்பியரா? 12-ஐ 17-ஆல பெருக்குங்க: 204 வாட். மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கு. இன்னிக்கு மெஷின்ல அதுங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடறது 12-லேர்ந்து. பெட்டி மேல 450, சோத்துல 204. பயப்பட வேண்டாம், 1050 டிஐ 75 வாட்டைத் தாண்டாது, ஸ்லாட்லேர்ந்தே எடுத்துக்கும். கிராபிக்ஸ் கார்டு மாத்தற அன்னிக்கு இந்த பவர் சப்ளை போகணும், அது வரைக்கும் ஓடட்டும்.

வரிசை: எஸ்எஸ்டி, பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட், பிராசஸர், ராம், பவர் சப்ளை, கடைசியா கிராபிக்ஸ் கார்டு. ராமை நிதானமா வாங்கிக்கலாம், அது எங்கேயும் போகாது.

ஸ்க்ரூடிரைவர் | 11-03-2025

எஸ்எஸ்டி. ஹார்ட்டிஸ்க் பெரிய ஃபைலை நொடிக்கு 100லேர்ந்து 200 எம்பி வரைக்கும் கொடுக்கும், அது பிரச்சினை இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளா கேட்டா நொடிக்கு ஒரு எம்பி கூட தேறாது. விண்டோஸ் கேக்கறது முழுக்க சின்னத் துண்டுதான், அதனாலதான் 100-ல நிக்குது.

உங்க போர்டுல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைப் போர்டு மேலேயே மாட்டற இடம்) இருந்தா என்விஎம்இ, அதாவது பிசிஐஇ பாதையில ஓடற வேகமான எஸ்எஸ்டி, வாங்குங்க. பிசிஐஇ 3.0 என்கிறதால நொடிக்கு 3500 எம்பி கிட்ட நின்னுடும். ஜென்4 டிரைவ் மாட்டினாலும் ஓடும், வேகம் மட்டும் அதுக்கு மேல போகாது. எம்.2 இல்லேன்னா சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்க் மாதிரியே வயர்ல செருகறது), 550. டேலியும் குரோமும் திறக்கறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரியற மாதிரி வித்தியாசம் மலிவான கியூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் திணிக்கிற) சாட்டா டிரைவ்ல வரும்: கேஷ் நிறைஞ்ச பிறகு பெரிய காப்பி போட்டா ஹார்ட்டிஸ்கை விட கீழ போகும். 500 ஜிபி போதும், டிஎல்சின்னு (செல்லுக்கு மூணு பிட்) போட்டிருக்கிறதா பாருங்க.

அந்த எம்.2 ஸ்க்ரூ. எம்2 அளவு, 3 மிமீ நீளம். 2018-ல அசெம்பிள் பண்ணினவர் அதை போர்டு பெட்டியிலயே விட்டிருப்பார், பெட்டியை நீங்க பரண்ல போட்டிருப்பீங்க. டிரைவ் வாங்கப் போறதுக்கு முன்னாடி பரண் ஏறுங்க. ஸ்க்ரூ கீழ ஒரு குட்டி பித்தளை நட்டு வரும், அது இல்லாம ஸ்க்ரூவை இறுக்கினா டிரைவ் வில்லா வளையும்.

விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட்டிஸ்கோட சாட்டா கேபிளைக் கழட்டிடுங்க. கழட்டலேன்னா விண்டோஸ் எஸ்எஸ்டியிலயும் அதைக் கிளப்பற பூட் பகுதி ஹார்ட்டிஸ்க்லயும் போய் உட்காரும். ஒரு வருஷம் கழிச்சு ஹார்ட்டிஸ்கைக் கழட்டற அன்னிக்கு மெஷின் எழுந்திருக்காது, காரணமும் புரியாது.

டேலி லைசென்ஸை ஃபார்மேட்டுக்கு முன்னாடி சரண்டர் பண்ணிட்டு, டேட்டா ஃபோல்டரை பென்டிரைவ்ல எடுத்துக்கோங்க.

மல்டிமீட்டர் | 11-03-2025

எம்.2 ஸ்லாட் இருந்தா என்விஎம்இன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. அந்தத் தலைமுறை போர்டுகள் சிலதுல எம்.2-ல எதையாவது மாட்டினா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் அணைஞ்சுடும். மேனுவல்ல சாட்டா பக்கத்துல அட்டவணை இருக்கும். ஹார்ட்டிஸ்க் காணாம போச்சுன்னு வர்ற கேள்வில பாதி இதுதான்.

ஸ்க்ரூடிரைவர் | 11-03-2025

சரி, ஒத்துக்கறேன். அப்படி ஆனா ஹார்ட்டிஸ்கை வேற போர்ட்ல மாத்திச் செருகினா போதும், டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. எம்.2 வடிவத்துலயே சாட்டா டிரைவும் விக்கிறாங்க, நுனியில ரெண்டு வெட்டு இருக்கும். கடையில எடுத்துக் கொடுத்ததும் லேபிளைப் படிச்சுட்டுக் காசு கொடுங்க.

பி350காரன் | 23-03-2025

என்விஎம்இ போட்டாச்சு. ஸ்க்ரூ பரண்ல கிடைச்சுது. மெஷின் புதுசு மாதிரி இருக்கு. இதோட நிறுத்திடலாமான்னு தோணுது.

ஸ்க்ரூடிரைவர் | 23-03-2025

நிறுத்தலாம். ஆனா விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓட கெடு முடியுது. 1600 விண்டோஸ் 11 பட்டியல்ல இல்லை, 2000 வரிசையிலேர்ந்துதான் இருக்கு. அக்டோபருக்குள்ள பிராசஸர்.

ஸ்க்ரூடிரைவர் | 24-03-2025

பயாஸ். இதைப் பிராசஸர் வாங்கறதுக்கு முன்னாடி, பழைய 1600 மேல இருக்கும்போதே பண்ணணும். புது பிராசஸரை மாட்டிட்டா பழைய பயாஸுக்கு அது யாருன்னே தெரியாது, திரை கறுப்பா நிக்கும்.

போர்டு கம்பெனி பக்கத்துல முதல்ல பிராசஸர் பட்டியலைத் திறந்து, வாங்கப் போற 5000 வரிசை ரைசனுக்கு (5600 மாதிரி) எதிரே எந்த பயாஸ் வெர்ஷன்லேர்ந்துன்னு பாருங்க. பிறகு அந்த வெர்ஷனுக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க. விஷயமே அதுலதான் இருக்கு. சில போர்டுல ஒரே தாவல்ல போக முடியாது, நடுவுல ஒரு வெர்ஷன்ல கால் வச்சுத்தான் போகணும். சிலதுல மேல ஏறின பிறகு கீழ இறங்க முடியாது. பயாஸ் சிப் நிறைய போர்டுல 16 எம்பிதான், புதுசுக்கு இடம் பண்ண பழைய ஏ வரிசை பிராசஸர்களைத் தூக்கியிருப்பாங்க.

பென்டிரைவ் எஃப்ஏடி32-ல ஃபார்மேட். ஃபைலை அவிழ்த்து வெளியிலயே வையுங்க, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வேண்டாம். விண்டோஸ்ல ஓடற அப்டேட் சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம், பயாஸுக்குள்ள இருக்கிற ஃபிளாஷ் கருவிதான். மெஷின் யுபிஎஸ்ல இருக்கணும். ஓடும்போது நடுவுல ரெண்டு மூணு தடவை தானா அணைஞ்சு எழும், திரை ஒரு நிமிஷம் கறுப்பா நிக்கும், பவர் பட்டனைத் தொடாதீங்க.

முடிஞ்ச பிறகு எல்லா செட்டிங்கும் துடைச்சிருக்கும். ராம் வேகம், ஃபேன் வேகம், பூட் வரிசை, எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேக்கற பாதுகாப்புச் சாவிப் பெட்டி), சிஎஸ்எம் (பழைய முறை பூட்). முன்னாடியே ஒவ்வொரு பக்கத்தையும் மொபைல்ல படம் எடுத்து வச்சுக்கோங்க.

மல்டிமீட்டர் | 24-03-2025

பிட்லாக்கர்! டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, அதைச் சொல்லாம பயாஸைத் தொடச் சொல்லலாமா?

ஸ்க்ரூடிரைவர் | 24-03-2025

அடிக்கலாம் என்னை. ஏஎம்டியில டிபிஎம் பிராசஸருக்குள்ள இருக்கு. பயாஸ் மாறினாலோ பிராசஸர் மாறினாலோ உள்ள இருக்கிற சாவி போயிடும். டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்தா 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், கையில இல்லேன்னா டேட்டாவுக்குப் பாலூத்த வேண்டியதுதான். பயாஸுக்கு முன்னாடி பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க, கீயைத் தாள்ல எழுதுங்க. தாள்லதான். அதே டிரைவ்ல நோட்பேட்ல சேமிச்சு வச்சவங்க உண்டு.

பிராசஸர் மாத்தின முதல் தடவை, புது சிபியு, எஃப்டிபிஎம்-ஐ அழிக்கவா, ஒய்-யா என்-னான்னு இங்கிலீஷ்ல கேக்கும். கீ கையில இருந்தா ஒய்.

ஸ்க்ரூடிரைவர் | 02-04-2025

எந்தப் பிராசஸர்னு தனியா கேட்டிருந்தீங்க. 5500 வாங்கினாலும் போதும், உங்க போர்டு பிசிஐஇ 3.0-தான், 5500-ம் 3.0-தான், நஷ்டம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் | 03-04-2025

நேத்து எழுதினதுல பாதி தப்பு. பிசிஐஇ பத்தி சொன்னது சரி. ஆனா 5500-ல எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளயே இருக்கிற வேக மெமரி) 16 எம்பி, 5600-ல 32. டேலிக்கு ஒண்ணும் தெரியாது, பையனோட கேமுக்குத் தெரியும். விலை வித்தியாசம் சின்னதா இருந்தா 5600. 5700எக்ஸ்-ல கூலர் வராது, அது ஒரு வால். 5800எக்ஸ் 105 வாட் சாமான், நிஜத்துல 142 வரைக்கும் இழுக்கும். உங்க போர்டுல விஆர்எம் (பிராசஸருக்குக் கரன்ட்டைப் பக்குவப்படுத்தற பகுதி) மேல ஹீட்சிங்கே இல்லேன்னா அது பக்கம் போகாதீங்க. 5600-ம் 5700எக்ஸ்-ம் 76 வாட்டோட நின்னுடும்.

டிரே பீஸ்னு குறைஞ்ச விலைக்குக் கொடுப்பாங்க. பெட்டி இருக்காது, கூலர் இருக்காது, பெட்டியில வர்ற மூணு வருஷ வாரன்ட்டியும் இருக்காது. ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க.

இன்னொண்ணு. 5600-ஓட வர்ற ஸ்டெல்த் கூலர் குள்ளம். உங்க 1600-ஓட வந்தது ஸ்பயர், அது உயரம். புதுசைப் பெட்டியிலயே வச்சுட்டு பழசையே சுத்தம் பண்ணி மாட்டுங்க. ரெண்டும் நாலு ஸ்க்ரூ முறைதான்.

ஸ்க்ரூடிரைவர் | 12-04-2025

கழட்டற முறை. ஏழு வருஷ பேஸ்ட் காய்ஞ்சு சிமென்ட் ஆகியிருக்கும். ஏஎம்4-ல பின் பிராசஸர்ல இருக்கு, சாக்கெட்ல இல்லை. கூலரை நேரா மேல இழுத்தா, லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வரும். 1331 பின்ல நாலு வளைஞ்சாலும் போச்சு.

அதனால முதல்ல மெஷினைப் பத்து நிமிஷம் சூடு பண்ணுங்க, பெரிய ஜிப் ஃபைலை அவிழ்க்க விடுங்க, வீடியோ கன்வர்ட் பண்ணுங்க, எதுவா இருந்தாலும் சரி. மெஷினை அணைச்சு, சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அஞ்சு நொடி அழுத்துங்க. கேபினெட்டைப் படுக்க வையுங்க. நிக்க வச்சுக் கழட்டினா நாலாவது ஸ்க்ரூ கழண்டதும் போர்டுக்குப் பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு தொப்புன்னு உள்ள விழும். அதை எடுக்க போர்டையே கழட்ட வேண்டி வரும். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா, ஒவ்வொண்ணும் ரெண்டு சுத்து ரெண்டு சுத்தா தளர்த்துங்க. ஃபேன் வயரைக் கழட்டுங்க. இப்ப கூலரைத் தூக்காதீங்க, பாட்டில் மூடி மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க. பசை விட்டுக் கொடுக்கிறது கையில தெரியும். பிறகு சாய்ச்சு எடுங்க.

லீவரை நேரா நிமிர்த்தி, பிராசஸரை ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. புதுசுல ஒரு மூலையில தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் ஒரு முக்கோணம் இருக்கும். ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா தன் எடைக்கே கீழ இறங்கும். அழுத்த வேண்டிய அவசியம் வந்தா ஏதோ தப்பு, எடுத்துப் பாருங்க. உட்கார்ந்த பிறகு லீவர்.

பேஸ்ட் பட்டாணி அளவு, நடுவுல. பழசைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால், காப்பி ஃபில்டர் பேப்பர் அல்லது நார் உதிராத துணி. பஞ்சு வேண்டாம். ஸ்க்ரூவை மறுபடியும் எதிரெதிர் மூலையா, நிக்கிற வரைக்கும்.

பி350காரன் | 19-04-2025, பகல் 12.20

எல்லாம் சொன்ன மாதிரியே பண்ணினேன். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை. போச்சா?

ஸ்க்ரூடிரைவர் | 19-04-2025, பகல் 12.25

எச்டிஎம்ஐ எங்க செருகியிருக்கீங்க?

பி350காரன் | 19-04-2025, பகல் 12.31

போர்டுல... சரி, புரிஞ்சுது. வந்துடுச்சு.

ஸ்க்ரூடிரைவர் | 19-04-2025, பகல் 12.40

5600-ல உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, இந்த வரிசையில பேர்ல ஜி வர்றதுல மட்டும்தான் உண்டு. வெட்கப்படாதீங்க, உலகத்துலேயே அதிகமா நடக்கிற பழுது இது.

அடுத்து யாராவது இதே கறுப்புத் திரையோட வந்தா பார்க்க வேண்டிய வரிசை: கேபிள் கார்டுல இருக்கா. பிராசஸர் பக்கத்துல இருக்கிற 8 பின் அல்லது 4 பின் பவர் முழுசா உள்ள போயிருக்கா. ராமை எடுத்து மறுபடி, ரெண்டு பக்கமும் டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. அப்பவும் இல்லேன்னா பிளக்கைப் பிடுங்கி, போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரியை (சிஆர்2032) அஞ்சு நிமிஷம் எடுத்து வைங்க. கடைசியா பழைய பிராசஸரை மாட்டிப் பார்க்கணும். அதனாலதான் 1600-ஐ ஒரு மாசம் விக்காதீங்கன்னு சொல்றது.

பி350காரன் | 20-04-2025

விண்டோஸ் 11-க்கு இப்பவும் முடியாதுங்குது. டிபிஎம், செக்யூர் பூட்.

ஸ்க்ரூடிரைவர் | 20-04-2025

பயாஸ் துடைச்சிருக்கும்னு சொன்னேனே. எஃப்டிபிஎம்-ஐ இயக்குங்க, சிஎஸ்எம்-ஐ அணைங்க, பிறகுதான் செக்யூர் பூட் தெரியும். மார்ச்ல புதுசா போட்டப்ப பென்டிரைவை யூஇஎஃப்ஐன்னு தொடங்கற பேர்லேர்ந்து பூட் பண்ணியிருந்தா டிஸ்க் ஜிபிடியாத்தான் (புது முறை பார்ட்டிஷன் அட்டவணை) இருக்கும், பிரச்சினை இல்லை. பழைய ஹார்ட்டிஸ்கை அப்படியே குளோன் பண்ணினவங்களுக்குத்தான் எம்பிஆர் (பழைய முறை அட்டவணை) தொல்லை. அவங்க சிஎஸ்எம்-ஐ அணைக்கிறதுக்கு முன்னாடி விண்டோஸோட வர்ற எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டணும், அதுல முதல்ல சோதனை மட்டும் பண்ற வேலிடேட். மூணு பிரைமரிக்கு மேல பார்ட்டிஷன் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் இருந்தாலோ மறுத்துடும். நம்ம ஊர் கடைக்காரங்க சி, டி, இ, எஃப்னு நாலாப் பிரிச்சுக் கொடுக்கிறதோட பலன்.

மல்டிமீட்டர் | 04-05-2025

தலைப்பை விட்டு விலகறேன். கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குதுன்னு எனக்குத் தனி மெசேஜ்ல கேட்டிருந்தீங்க, எல்லாருக்கும் பயன்படட்டும். பவர் சப்ளை பழுது இல்லை, உங்க பிளக் பாயின்ட்ல எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்ட ரெண்டு கெப்பாசிட்டர் ஃபேஸ்லேர்ந்தும் நியூட்ரல்லேர்ந்தும் கேபினெட் உடம்புக்கு வரும். எர்த் இருந்தா அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போகும், இல்லேன்னா கேபினெட் பாதி வோல்ட்டேஜ்ல, 115 கிட்ட மிதக்கும். மீட்டரை ஏசியில வச்சு ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த்தும் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள வரணும். ஃபேஸ்-எர்த் குறைச்சலா காட்டினா எர்த் அறுந்திருக்கு. மூணு பின்னை ரெண்டு பின்னாக்கற அடாப்டரைக் குப்பையில போடுங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடறேன்னு சொன்னா வேற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ஸ்க்ரூடிரைவர் | 18-05-2025

வெயில்ல பிராசஸர் சூடு ஏறுதேன்னு கேட்டதுக்கு. அறையே 36, 37-ல இருக்கும்போது பிராசஸர் 75, 80 காட்டினா பதற வேண்டாம், 5600-க்கு எல்லை 90. கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அறைச் சூட்டுக்குக் கீழ கொண்டுபோகாது. அறை பத்து டிகிரி ஏறினா பிராசஸரும் ஏறக்குறைய பத்து ஏறும். ஜனவரியில எடுத்த கணக்கை மே மாசத்தோட ஒப்பிடாதீங்க. முன்பக்க ஃபில்டர்ல தூசி இருந்தா ஒரு ஃபேன் வாங்கறதை விட அதைக் கழுவறது லாபம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விட்டா பேரிங் போகும்.

பவர் சப்ளைக்குள்ள பல்லி. சிரிக்காதீங்க. கேபினெட் பின்னாடி பிசிஐ ஸ்லாட் மூடித் தகடு ரெண்டு காணாம போயிருக்கும், சூடா இருக்கிறதால உள்ள வந்து படுக்கும். மூடி கடையில பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். வாலைப் பத்தி பேச ஆரம்பிச்சு பல்லியில வந்து நிக்குது இழை.

பி350காரன் | 22-06-2025

கார்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒருத்தர் மலிவா தரேங்கறார். வாங்கவா? இல்ல ஆர்எக்ஸ் 6600-ஆ?

ஸ்க்ரூடிரைவர் | 22-06-2025

6500 எக்ஸ்டியை உங்க போர்டுல மாட்டாதீங்க. அதுக்கு லேன் (டேட்டா போற பாதை) நாலுதான், பிசிஐஇ 4.0-ஐ நம்பிச் செஞ்ச கார்டு. பி350-ல 3.0. பாதை பாதியா சுருங்கும், 4 ஜிபி மெமரி நிறைஞ்சதும் அந்தச் சந்து வழியாத்தான் ராமுக்கு ஓடணும், கேம் திக்கித் திக்கி நிக்கும். 6600-ல லேன் எட்டு, மெமரி 8 ஜிபி. 3.0-ல கொஞ்சம் இழக்கும், விளையாடறவனுக்குத் தெரியாது. இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு நல்லா இருக்குன்னு வருவாங்க. அதுக்கு ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் பிராசஸர் ஒரே வீச்சுல தொட விடற பயாஸ் வசதி) கட்டாயம், போதாக்குறைக்கு 5600 மாதிரி பிராசஸர்ல அது முழு வேகம் காட்டாததை இந்த வருஷத் தொடக்கத்துல சோதனை பண்ணினவங்க காட்டிட்டாங்க.

இப்ப வால். 6600 132 வாட், 5600 76 வாட், போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஐம்பது. 258. உங்ககிட்ட 12 வோல்ட்ல 204. கார்டுக்கு 8 பின் வயர் வேற வேணும், உங்க பழைய பவர் சப்ளைல இருக்காது. மோலெக்ஸ்லேர்ந்து 8 பின்னா மாத்தற வயர் கொடுப்பாங்க, அதை வாங்கி வீட்டை எரிச்சுக்காதீங்க. 550 வாட், லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல, வாரன்ட்டி அஞ்சு வருஷம். மாடுலர் வாங்கினா அதோட வந்த வயரை மட்டும்தான் பயன்படுத்தணும். வேற மாடல் வயர் கச்சிதமா நுழையும், ஆனா பவர் சப்ளை பக்கத்துல பின் வரிசை மாறியிருக்கும், 5 வோல்ட் எதிர்பார்க்கிற டிஸ்க்குக்கு 12 போகும். ஒரே நொடி.

பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் வேற வேற. கார்டுக்கானது 6-ம் 2-மா பிரியும், பிராசஸருக்கானது 4-ம் 4-மா. நுழையலேன்னா பலம் காட்டாதீங்க.

மல்டிமீட்டர் | 23-06-2025

வாலுக்கு ஒரு வால்: யுபிஎஸ். 600 விஏன்னா பெரும்பாலும் 360 வாட்தான். மெஷின் 258, மானிட்டர் 30, அது வரைக்கும் தாங்கும். ஆனா கார்டு கண்ணிமைக்கிற நேரத்துக்கு எகிறி இழுக்கும், அந்த நேரம் பார்த்து கரன்ட் போனா யுபிஎஸ் பீப்னு கத்திட்டு அணைஞ்சுடும். 1000 விஏ பக்கம் போங்க. பழைய யுபிஎஸ் பத்து நொடியில விழுதுன்னா மாத்த வேண்டியது பேட்டரியை: 12 வோல்ட் 7 ஏஹெச், ரெண்டு ஸ்க்ரூ, சிவப்பு கறுப்பு மாறாம.

பி350காரன் | 13-07-2025

550 வாட், 6600 ரெண்டும் போட்டாச்சு. யுபிஎஸ் தீபாவளிக்கு. பையன் திருப்தி. ஆனா கேம் நடுவுல ஒரு நொடி நின்னு நின்னு போகுது, சராசரி நல்லா இருக்கு.

ஸ்க்ரூடிரைவர் | 13-07-2025

8 ஜிபி ஒத்தை ஸ்டிக். ராம் வாங்கற நேரம் வந்துடுச்சு. ஒத்தை 2400 நொடிக்கு 19.2 ஜிபி தரும், ரெண்டு 3200 ஜோடியா போட்டா 51.2. நின்னு நின்னு போறது அங்கதான். 16 ஜிபி ரெண்டு இருக்கிற கிட், ஒரே பெட்டியில வர்றது. பழைய 8-ஐ அதோட சேர்க்காதீங்க. எல்லாம் சேர்ந்து மெதுவானதோட வேகத்துக்கு இறங்கும்.

பிராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட் (போர்டுல ரெண்டே ஸ்லாட்னா கவலையே இல்லை). பயாஸ்ல எக்ஸ்எம்பி, சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும், அதை இயக்கலேன்னா 3200 வாங்கி 2133-லயோ 2400-லயோ ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. முதல் தடவை மூணு நாலு முறை அணைஞ்சு எழும், அது பயிற்சி எடுக்குது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் கிட்டைத் திருப்பிக் கொடுங்க. ஒண்ணுதானேன்னு விட்டா ஆறு மாசத்துல டேலி டேட்டா ஃபைல் கெட்டுப் போகும்.

பி350காரன் | 20-12-2025

மன்னிக்கணும், ராம் தள்ளிக்கிட்டே போச்சு. இப்ப கடையில கேட்ட விலை ஜூலையில நீங்க சொன்ன கிட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல.

ஸ்க்ரூடிரைவர் | 20-12-2025

மார்ச்ல நான் எழுதினதை மேல போய்ப் படிச்சேன்: "ராமை நிதானமா வாங்கிக்கலாம், அது எங்கேயும் போகாது." போயிடுச்சு. ஏஐ சர்வர்களுக்கு மெமரி கம்பெனிகள் திரும்பிட்டாங்க, டிடிஆர்4 உற்பத்தியைக் குறைக்கிறதும் அதோட சேர்ந்தது. அப்பவே மெமரி 94-ன்னு உங்க வாயால சொன்னீங்க, எஸ்எஸ்டியோட ராமையும் வாங்கச் சொல்லியிருக்கணும். என் வரிசை தப்பு. வால் குட்டையான பாகம் எதுன்னு மட்டும் பார்த்தேன், எது விலை ஏறக்கூடியதுன்னு பார்க்கலை.

அதே சமயம் இன்னிக்கு யோசிச்சா, ஏஎம்5 போயிருந்தா டிடிஆர்5-க்கு இதை விட அழுதிருப்பீங்க.

32-ஐ மறங்க. இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போதும். பழைய டிடிஆர்4, ஆபீஸ் மெஷின்கள்லேர்ந்து கழட்டினது, கிடைக்குது. ஸ்டிக் லேபிள்ல வேகத்துக்குப் பின்னாடி யூ-ன்னு வரணும், 2400டி-யூ அல்லது 2666வி-யூ மாதிரி. ஆர்-னு இருந்தா சர்வர் ராம், ஸ்லாட்ல நுழையும், மெஷின் எழும்பாது. நீளம் பாதியா இருந்தா லேப்டாப்போடது. உங்க பழைய ஸ்டிக்கைக் கழட்டி, லேபிளைப் படம் எடுத்துக்கிட்டுப் போங்க. அதே சிப், அதே ரேங்க் கிடைச்சா நல்லது. ஜோடி 2400-ல ஓடினாலும் 38.4 வரும், இப்ப இருக்கிறதுக்கு இரட்டிப்பு. கடையில வச்சே மெம்டெஸ்ட் ஒரு சுத்து கேளுங்க, மாட்டேன்னா அடுத்த கடை.

முன்னாடி "பழைய 8-ஐச் சேர்க்காதீங்க"ன்னு எழுதினது புது கிட்டோட சேர்க்காதீங்கன்னு அர்த்தம். யாரும் இழுக்க வேண்டாம்.

பி350காரன் | 04-01-2026

2400யூ, 8 ஜிபி, வாங்கியாச்சு. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க, சிவப்பு இல்லை. நின்னு போறது நின்னுடுச்சு. 1600 இன்னும் டப்பாவுலயே இருக்கு. விக்கலாமா?

ஸ்க்ரூடிரைவர் | 04-01-2026

விக்கலாம். பின்னைக் கீழ வச்சு சட்டைப் பையில போடாம, 5600 வந்த பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க. ஸ்டெல்த் கூலர் பெட்டியிலயே இருக்கில்ல, அதையும் சேர்த்துக் கொடுத்தா நூறு இருநூறு கூட வரும். பேஸ்ட் ஏற்கெனவே அடியில தடவியிருக்கும், விரல் படாம.